கணக்கு டீச்சர் பதில்கள்: சதுரங்கப் பலகைக்குள் ஏழு பகா எண்கள்

சென்ற இதழில், சதுரங்கப் பலகையைக் காட்டி அரசனிடம் அரிசியைப் பரிசாகக் கேட்ட கதையைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 அரிசி வரும். கடிதங்கள் குவிந்துவிட்டன. பலரும் “எவ்வளவு பெரிய எண்!” என்றே எழுதியிருக்கிறார்கள். பெரிதாக இருப்பது இந்த எண்ணின் மிகச் சாதாரணமான குணம். கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் அதைவிடப் பத்து மடங்கு பெரிய எண் கிடைத்துவிடும். அதில் யாருக்கும் பெருமை இல்லை. இதன் அழகு உள்ளே இருக்கிறது. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் இந்த ஓர் எண்ணுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. அரிசிக் கதை அங்கே நடந்ததா? கணினி இல்லாத காலத்தில் இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நீடாமங்கலம்

இல்லையம்மா. உங்கள் திருப்பூவனூர்த் தலபுராணம் வேறு: அரசன் மகளோடு சிவபெருமான் சித்தர் வடிவில் வந்து சதுரங்கம் ஆடி வென்ற கதை. அரிசிக் கதையைத் தன் கோயிலோடு சேர்த்துச் சொல்வது கேரளத்து அம்பலப்புழை. அங்கே கிருஷ்ணன் முதியவராக வந்து அரசனைத் தோற்கடித்ததாகவும், அந்த அரிசிக் கடனைத்தான் இன்றும் பால் பாயசமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள்.

எண்ணைக் கண்டுபிடித்த வழியைக் கேட்டாயே, அது நல்ல கேள்வி. இப்போது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மத்திய ஆசிய அறிஞர் அல்-பிரூனி இந்த இருபது இலக்கங்களையும் பிசகில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். அறுபத்து நான்கு முறை இரட்டித்துக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை; வர்க்கம் எடுத்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2-இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. பிறகு 65536. பிறகு 4294967296. இன்னொரு முறை வர்க்கம் எடுத்தால் 2⁶⁴ வந்துவிடும். மொத்தம் ஆறே பெருக்கல்கள், அவற்றில் கடைசி ஒன்றுதான் கடினம். அதையும் 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள். முதல் துண்டின் வர்க்கம் 1844616601. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616. முதலாவதற்குப் பின்னால் பத்துப் பூஜ்யம், இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் போட்டு, மூன்றையும் கூட்டு. 18446744073709551616 வரும். அதில் ஒன்றைக் கழித்துவிடு. ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது, அதற்கு முந்திய கட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைவிட ஒன்று அதிகம். 1, 2, 4 கூட்டினால் 7. அடுத்த கட்டத்தில் 8. அறுபத்தைந்தாவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் 2⁶⁴ அரிசி இருக்கும். ஆகவே அறுபத்து நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகை அதைவிட ஒன்று குறைவு.

நீயே ஒரு முழுத்தாளில் செய்து பார். முடித்ததும் சரிபார்க்காமல் விடாதே. இலக்கங்களைக் கூட்டினால் 87, மறுபடி கூட்டினால் 15, பிறகு 6. எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதி இதுதான். மறுபுறம், 2⁶ ஆகிய 64-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் 2⁶⁴-இன் மீதியும் 2⁴ ஆகிய 16-இன் மீதியும் ஒன்றே, அது 7. ஒன்றைக் கழித்தால் 6. இரண்டும் பொருந்துகின்றன.

கேள்வி: அலுவலகக் கணினி அட்டவணையில் 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். 18446744073709600000 என்று வருகிறது. எதை நம்புவது?
– வாசகர், ஓசூர்

உங்கள் பகுத்தறிவை நம்புங்கள். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற வரிசையில்தான் முடியும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴-இன் கடைசி இலக்கம் 6. ஒன்று கழித்தால் 5. பூஜ்யத்தில் முடிய வழியே இல்லை. அட்டவணை மென்பொருள் பதினைந்து இலக்கங்களை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தைப் பூஜ்யங்களால் நிரப்புகிறது. அதற்குள்ளே ஓர் எண்ணுக்கு 53 இரும இலக்கங்களுக்குத்தான் இடம் என்பதால், நீங்கள் கழித்த ‘ஒன்று’ காணாமலே போய்விட்டது. அந்த ஒன்றில்தான் நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு அரிசி எத்தனை மூட்டை?
– வாசகர், ஆரணி

ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 36,900 கோடி டன். மூட்டையில் அடக்க முடியாது. உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். எனவே ஏறத்தாழ எழுநூறு ஆண்டு உலக விளைச்சல்.

கேள்வி: எண் 5-இல் முடிவதால் 5-ஆல் வகுபடும் என்று தெரிகிறது. மற்றக் காரணிகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இருபது இலக்க எண்ணை எங்கிருந்து தொடங்குவது?
– பத்தாம் வகுப்பு மாணவன், விருத்தாசலம்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தேவையானது உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை, கூட்டல் ஒரு காரணி, கழித்தல் ஒரு காரணி என்று பிரிப்போமே, அதுதான். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1). முதல் அடைப்பு மறுபடியும் அதே வடிவம், அதையும் பிரி. கடைசி வரை பிரித்துக்கொண்டே போனால் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இதைப் பலகையில் வைத்தே பார்க்கலாம். முதல் வரிசை எட்டுக் கட்டங்களில் 255 அரிசி. அது 3 × 5 × 17. இரண்டு வரிசைகளில் 65535. பழைய காரணிகளோடு 257 புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நான்கு வரிசைகளில், அதாவது பாதிப் பலகையில், 4294967295, 65537 சேர்கிறது. பலகையை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய காரணிகள் அப்படியே இருக்க, புதிதாக ஒன்று வந்து சேர்கிறது. மாணவர்கள் இதைத் தாங்களாகவே கண்டுகொள்ளும் நாளில் வகுப்பில் எழும் சத்தத்தை நான் பல முறை கேட்டிருக்கிறேன். கணக்கு கற்பிப்பதில் அதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் கவனி. 3 × 5 × 17 = 255; அடுத்த காரணி 257. எப்போதும் முந்தியவற்றின் பெருக்கல் பலனுக்கும் அடுத்து வருவதற்கும் வித்தியாசம் சரியாக 2. இரண்டுமே ஒற்றைப்படை. வித்தியாசம் 2 உள்ள இரண்டு ஒற்றைப்படை எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்க முடியாது. ஆகவே புதிதாக வருகிற ஒவ்வொன்றும் இதுவரை வராத பகா எண்களைத்தான் கொண்டுவரும். பலகையை எத்தனை முறை வேண்டுமானாலும் இரட்டிக்கலாம் அல்லவா? அப்படியானால் பகா எண்களுக்கு முடிவே இல்லை! இந்த நிரூபணத்தை 1730-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக், கணித மேதை ஆய்லருக்குக் கடிதமாக எழுதினார்.

கேள்வி: தலைப்பில் ஏழு பகா எண்கள் என்று போடுவதாக முன்னறிவிப்பில் இருந்தது. 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறுதானே வருகிறது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திண்டுக்கல்

ஐயா, நீங்கள் விழுந்த இடத்தில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே விழுந்தார். இந்த வரிசை எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-ஐ ஒட்டிய தம் கடிதங்களில் அவர் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்றும் சொன்னார். முதல் ஐந்தும் உண்மையிலேயே பகா எண்கள். ஆறாவது, 4294967297. தொண்ணூறு ஆண்டுகள் அதை யாரும் உடைக்கவில்லை. 1729-இல் கோல்ட்பாக் இதைப் பற்றி ஆய்லரிடம் கேட்டார். 1732-இல், இருபத்தைந்து வயதில், ஆய்லர் விடை சொன்னார்:

4294967297 = 641 × 6700417

எல்லாப் பகா எண்களையும் வரிசையாக வகுத்துப் பார்த்து இதை எட்டலாம், நேரம் பிடிக்கும். ஆய்லரின் வழி அதைவிட மேலானது. இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஏதாவது இருந்தால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருந்தே ஆக வேண்டும். இதற்கான நிரூபணத்தைப் பிற்பாடு அவரே வெளியிட்டார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே எண் உடைந்துவிடுகிறது! இருட்டில் கைவிட்டுத் துழாவுவதற்கும், எங்கே துழாவ வேண்டும் என்று தெரிந்துகொண்டு கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வகுத்தலே செய்யாமலும் 641-ஐக் காட்டலாம். பின்னால் வந்தவர்கள் கண்ட வழி இது. 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. அதுவே 640 + 1-உம் ஆகும், அதாவது 5 × 2⁷ + 1. முதல் வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்குங்கள்: 641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³². வலப்பக்கத்தில் உள்ள 5⁴ × 2²⁸ என்பது 640-இன் நான்காம் அடுக்கு. 640 என்பது 641-ஐவிட ஒன்று குறைவு என்பதால், அதன் நான்காம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 1. இடப்பக்கத்தில் மீதி இல்லை. ஆகவே அந்த 1-உம் 2³²-உம் சேர்ந்து 641-ஆல் வகுபட்டே தீர வேண்டும். அவ்வளவுதான். ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும்.

6700417 பகா எண். ஆகவே மொத்தக் கணக்கு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழு. ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை.

ஃபெர்மா வரிசையில் இதற்கு மேல் ஒரு பகா எண்ணைக்கூட இன்றுவரை யாரும் கண்டதில்லை. ஆறாவதிலிருந்து, 2-ஐ 2³² என்ற அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் வரும் எண் வரை, வரிசையில் உள்ளவை எல்லாம் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. 2-ஐ 2³³ என்ற அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் வருவது பகா எண்ணா என்பது இன்னும் திறந்த கேள்வியாகவே நிற்கிறது.

கேள்வி: இந்தக் காரணிகளால் யாருக்கு என்ன பயன்?
– வாசகி, பொள்ளாச்சி

வடிவியல்காரர்களைக் கேளுங்கள். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்த ஒழுங்கு பலகோணங்களை வரையலாம்? முக்கோணம், ஐங்கோணம் கிரேக்கர்களுக்குத் தெரியும். ஏழு பக்கம் முடியாது. 1796-இல், பின்னாளில் பெரும் கணித மேதையான பதினெட்டு வயது காஸ், பதினேழு பக்கம் முடியும் என்று காட்டினார். கிரேக்கர்களுக்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தப் பட்டியலில் புதிதாக எதுவும் சேராமல் இருந்தது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது ஃபெர்மா பகா எண் (மேலே கண்ட ஃபெர்மா வரிசையில் வரும் பகா எண்) ஒன்றாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கல் பலனாகவோ இருக்க வேண்டும். வேறு எதுவும் ஆகாது. ஆகாது என்ற பகுதியை 1837-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வாண்ட்ஸெல் நிரூபித்தார்.

இப்போது பாதிப் பலகைக்குத் திரும்புங்கள். அங்கே உள்ள அரிசி 3 × 5 × 17 × 257 × 65537. இதன் வகுஎண்கள் 32. ஒன்றை நீக்கினால் 31. வரையக்கூடியவை என நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் மிகச் சரியாக இந்த 31 மட்டுமே. பாதிப் பலகை அரிசியின் வகுஎண் பட்டியலும், கவராயத்தால் வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்களின் பட்டியலும் ஒன்றே. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. எண்களின் அளவைக் கண்டு வாய்பிளப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். 65537 பக்கப் பலகோணத்துக்கு முழு வழிமுறை எழுத ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் உழைத்து 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அன்றாடப் பயனும் உண்டு. இணையத்தில் பாதுகாப்பாகப் பணம் அனுப்பும்போது நடக்கும் மறையாக்கத்தில் பெரும்பாலும் இந்த 65537 அடுக்காகப் பயன்படுகிறது. பகா எண், இரும வடிவில் இரண்டே இரண்டு ஒன்றுகள், நடுவில் பதினைந்து பூஜ்யங்கள். அதனால் அந்த அடுக்குக்கு உயர்த்துவது கணினிக்கு எளிது: பதினாறு முறை வர்க்கம், ஒரு பெருக்கல். அல்-பிரூனி காலத்து வித்தையேதான்.

கேள்வி: இவ்வளவு பெரிய எண்ணுக்கு வகுஎண்களும் ஏராளமாக இருக்குமே?
– வாசகர், கும்பகோணம்

அப்படித்தான் தோன்றும். ஏழு பகா எண்களும் ஒவ்வொரு முறைதான் வருவதால், ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம்: 2⁷, அதாவது 128 வகுஎண்கள். இதே 128 வகுஎண்கள் 83160 என்ற ஐந்து இலக்க எண்ணுக்கும் உண்டு! அது 2³ × 3³ × 5 × 7 × 11. 4 × 4 × 2 × 2 × 2 என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரில் வளர்ந்த ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இப்படிப்பட்ட எண்களைப் பற்றியதுதான்: தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் உடைய எண்கள். 83160 அந்த வகை. சதுரங்க எண் அதற்கு நேர் எதிர். சிறிய பகா எண்களை மீண்டும் மீண்டும் சேர்த்துக்கொள்ளாமல், பெரிய பகா எண்கள் சிலவற்றால் கட்டப்பட்டது.

கேள்வி: காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு தங்கத் தட்டுகளை ஊசி மாற்றி ஊசி அடுக்குகிறார்களாம், முடிந்தால் உலகம் அழியுமாம். அதுவும் இந்த எண்தானா?
– வாசகி, யாழ்ப்பாணம்

எண் இதுவேதான், கோயில் கிடையாது. 1883-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா விற்பனைக்கு விட்ட ஒரு விளையாட்டுப் பொருளோடு பரவிய கதை அது. அடித்தட்டை நகர்த்த, மேலே உள்ளவற்றை ஒரு முறை முழுதாக மாற்றி, மறுபடி முழுதாக மாற்ற வேண்டும்; எனவே தட்டு ஒன்று கூடினால் நகர்த்தல்கள் இரட்டித்து ஒன்று கூடும். 1, 3, 7, 15 என்று போய் அறுபத்து நான்கில் நம் எண். நொடிக்கு ஒன்று நகர்த்தினால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

கேள்வி: ஒரு கட்டத்தைக் குறைத்து 63 கட்டங்களில் நிறுத்தினால் பகா எண் வருமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், சாத்தூர்

வராது. காரணம் மிக எளிது. கட்டங்களை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள். முதல் மூன்றில் 1 + 2 + 4 = 7. அடுத்த மூன்றில் 8 + 16 + 32 = 56, அது 7-இன் மடங்கு. எல்லா மூன்றும் அப்படியே. 63 மூன்றால் வகுபடுவதால் மொத்தமும் 7-ஆல் வகுபடும். கட்டங்களைச் சமக் குழுக்களாகப் பிரிக்க முடிந்தால் அரிசியும் பிரியும். ஆகவே பகா எண் வேண்டுமென்றால் கட்டங்களின் எண்ணிக்கையே பகா எண்ணாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது: 11 கட்டங்களில் 2047, அது 23 × 89.

61 கட்டங்களில் நிறுத்து. 2305843009213693951. இது பகா எண். எத்தனை கட்டங்களில் நிறுத்தினால் இப்படிப் பகா எண் வரும் என்று 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில் 61 இல்லை. அதற்குப் பதில் 67 இருந்தது. லூக்காவின் விளையாட்டு வந்த அதே 1883-இல், ருஷ்யக் கிராமப் பாதிரியார் இவான் பெர்வுஷின் 61 கட்ட எண் பகா எண்தான் என்று கையால் கணக்கிட்டு நிரூபித்தார். மெர்சென் சேர்த்திருந்த 67 கட்ட எண்ணை 1903-இல் அமெரிக்கர் கோல் உடைத்துக் காட்டினார்: 193707721 × 761838257287. பெருக்கினால் 147573952589676412927 வர வேண்டும். இந்த விடுமுறையில் கையாலேயே பெருக்கிப் பார், தம்பி. 9-ஆல் சரிபார்க்கும் முறை மேலே நீடாமங்கலத்து அக்காவுக்கு எழுதியிருக்கிறேன்.